ஒராஞ்சா, மெரிடாவா? ரோமானிய நாடக அரங்கு பார்க்க எங்கே போகலாம்

ஐரோப்பா போகும்போது முழுசாக நிற்கிற ஒரு ரோமானிய நாடக அரங்கைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ரோம் நகரம் அவ்வளவாக உதவாது. அங்கே எல்லோரும் வரிசையில் நிற்கிற கொலோசியம், சண்டை பார்ப்பதற்காகக் கட்டியது. நாடக அரங்கு வேறு: அரைவட்டப் படிகள், எதிரே மேடை, மேடைக்குப் பின்னால் அலங்காரச் சுவர். மேற்கு ஐரோப்பாவில் அதற்கு இரண்டு ஊர்கள் உண்மையிலேயே போட்டி போடுகின்றன. ஒன்று தென் பிரான்சின் ஒராஞ்ச், மற்றது மேற்கு ஸ்பெயினின் மெரிடா. இரண்டுமே ஓய்வுபெற்ற ரோமானியச் சிப்பாய்களைக் குடியமர்த்த உருவாக்கிய ஊர்கள். இரண்டு அரங்குகளும் முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தவை, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. ஒற்றுமை அதோடு சரி.

ஒராஞ்சுக்குப் போவது சுவருக்காக. 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். மேடைச் சுவர் இந்த அளவுக்கு முழுசாகத் தப்பிய ரோமானிய அரங்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். "என் ராஜ்ஜியத்திலேயே அழகான சுவர்" என்று பதினான்காம் லூயி இதைச் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. வெளிப்பக்கம் தெருவைப் பார்த்தபடி நிற்பதால் டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். அண்ணாந்து பார்த்தால் உச்சிக்கருகே இரண்டு வரிசையாகக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும், துளைகளோடு. பார்வையாளர்களுக்கு நிழல் தரும் துணிப்பந்தலைத் தாங்கிய கம்பங்களை அவற்றில்தான் நட்டார்கள்.

உள்ளே போனால் கதை மாறுகிறது. சுவரை மூடியிருந்த பளிங்கும் தூண்களும் பெரும்பாலும் போய்விட்டன. நடு மாடத்தில் மூன்றரை மீட்டர் உயர அகஸ்டஸ் சிலை மட்டும் தனியாக நிற்கிறது. அதுவும் துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டவைத்தது. நூற்றாண்டுக்கணக்கில் அரங்குக்குள்ளேயே வீடு கட்டி மக்கள் குடியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்களை வெளியேற்றிவிட்டு அரங்கை மீட்டார்கள். நாம் உட்காரும் படிகளில் பெரும்பகுதி அப்போது புதிதாகப் போட்டதுதான். கீழ்ப்படியில் ஓர் இடத்தில் மட்டும் பழைய எழுத்துகள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்: முதல் மூன்று வரிசை குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த பிரமுகர்களுக்கு என்று சுருக்கெழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ரிசர்வேஷன்.

மெரிடா இதற்கு நேர் எதிர். அங்கே அலங்காரம் இருக்கிறது, பிரம்மாண்டம் குறைவு. மேடைச் சுவரின் உயரம் ஒராஞ்சில் பாதிகூட இல்லை. ஆனால் நீலச்சாம்பல் நிறப் பளிங்குத் தூண்கள் இரண்டு அடுக்காக, உச்சியில் செதுக்கிய வெள்ளைத் தலைப்பகுதிகளோடு, இடையிடையே சிலைகளோடு நிற்கும்போது ஒரு ரோமானியன் நாடகம் பார்க்க வந்தால் கண்முன் என்ன இருந்திருக்கும் என்பது புரிந்துவிடுகிறது. பக்கவாட்டு நுழைவாயில்களுக்கு மேல் அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. கி.மு. 16–15 வாக்கில் கட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

இதிலும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1910இல் தோண்டத் தொடங்கும்வரை இந்த அரங்கு மண்ணுக்கடியில் இருந்தது. மேல்படிகளின் ஏழு துண்டுகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஊர்க்காரர்கள் அவற்றை 'ஏழு நாற்காலிகள்' என்றார்கள்; ஏழு மூர் (ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்) அரசர்கள் அதில் உட்கார்ந்து ஊரின் தலைவிதியைப் பேசினார்கள் என்று கதையும் கட்டினார்கள். விழுந்து கிடந்த தூண்களை 20ஆம் நூற்றாண்டில்தான் தூக்கி நிறுத்தினார்கள். சிலைகள் நகல்கள், அசல் எல்லாம் பக்கத்து அருங்காட்சியகத்தில். கலப்படமில்லாத பழமைதான் வேண்டும் என்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை. ஒராஞ்சில் சுவர் பழசு, படிகள் புதுசு. இங்கே தூண்கள் பழசு, நிற்பது புதுசு. இதில் யார் யாரைக் குறை சொல்வது?

ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு மெரிடாவுக்கு. காரணம் அரங்கு மட்டுமல்ல. அரங்கை ஒட்டியே கிளாடியேட்டர் சண்டை நடந்த வட்டரங்கு இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம். எதிரே கட்டடக் கலைஞர் ரஃபயேல் மொனேயோ வடிவமைத்து 1986இல் திறந்த ரோமானியக் கலை அருங்காட்சியகம். உயர உயரமான செங்கல் வளைவுகளுக்கு நடுவே சிலைகளையும் மொசைக்குகளையும் வைத்திருக்கும் அழகுக்காகவே தனியாக ஒரு டிக்கெட் எடுக்கலாம். ஒராஞ்சில் அரங்கு, எதிரே சின்ன அருங்காட்சியகம், ஊரின் வடக்கே ஒரு வெற்றி வளைவு. அரை நாளில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த அரை நாள் சுலபமாகக் கிடைக்கும். அவிஞோனிலிருந்து ஒராஞ்ச் 30 கிலோமீட்டர்கூட இல்லை, ரயில் இருக்கிறது. மெரிடா செவியாவிலிருந்தே (ஆங்கிலத்தில் செவில்) 190 கிலோமீட்டர், மாட்ரிட்டிலிருந்து 340. அதற்கென்றே கிளம்பினால்தான் உண்டு. (ஹோட்டல் தேடும்போது நாட்டைச் சரிபாருங்கள். மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும்கூட மெரிடா இருக்கிறது.)

நிகழ்ச்சி பார்ப்பது என்றால் கணக்கு வேறு. ஒராஞ்சில் 1869 முதல் கோடைவிழா உண்டு. இன்று அது முக்கியமாக ஓபராவுக்கானது. குரலைத் திருப்பி அனுப்ப அந்தச் சுவர் இருக்கிறது. மெரிடாவில் 1933இல் ரோமானிய நாடகாசிரியர் செனகாவின் 'மெதேயா' நாடகத்தோடு தொடங்கிய விழாவில் பழைய கிரேக்க, ரோமானியக் கதைகளை நாடகமாகப் போடுகிறார்கள், ஸ்பானிஷில். பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் என்பதால் இரவு பதினொரு மணியை நெருங்கித்தான் தொடங்கும். ஸ்பானிஷ் தெரியாதவர்கள் ஒராஞ்சுக்குப் போவதே மேல். பாட்டுக்கு மொழி அவ்வளவாகத் தடையில்லை.

நிகழ்ச்சி வேண்டாம், கட்டடம்தான் முக்கியம் என்றால் இரண்டு ஊரிலும் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். விழாவுக்காக விளக்குக் கம்பங்களும் மேடைப் பலகைகளும் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்கப் போனதில் பாதி அவற்றுக்குப் பின்னால் இருக்கும்.