அரங்க வாடகை: ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை யார் கணக்கு?

டெல்டாவில் ஒரு நகரத்துப் பல்நோக்கு உள்ளரங்கம். போன ஐப்பசியில் ஓர் இளைஞர் சங்கம் அங்கே மாலையில் இன்னிசைக் கச்சேரியும் மறுநாள் காலையில் கபடிப் போட்டியும் வைத்தது. கட்டிய டெபாசிட் 1,50,000 ரூபாய், திரும்பி வந்தது 41,300. அரங்கத்தின் பெயரைப் போடவில்லை. சவுண்டு, மேடை வேலை பார்க்கும் எங்கள் கண்ணில் இதே மாதிரி பில் வேறு ஊர்களிலும் படுகிறது.

பெரிய வெட்டு ராத்திரிக்குத்தான். ரசீதில் இருந்தது 'மாலை 4 – 10, காலை 6 – 2' என்ற இரண்டு வேளை மட்டும். நடுவில் உள்ள எட்டு மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. "ராத்திரி முழுக்க இருக்கு சார், நிதானமா மேட் விரிச்சுக்கலாம்" என்று அரங்கத்தார் வாயால் சொன்னதோடு சரி. பில்லில் அது மூன்றாவது வேளையாகி, அதன் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் ஏறியிருந்தது.

அந்த எட்டு மணி நேரத்தைத் தவிர்க்க வழியும் கிடையாது. பத்து மணிக்குப் பாட்டு நின்றால், 40-க்கு 24 அடி மேடையையும் விளக்குகள் தொங்கும் டிரஸ் சட்டத்தையும் இறக்க எட்டு ஆளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம். பின்பக்க ஷட்டர் திறந்து லாரி உள்ளே வந்தால்தான் இந்தக் கணக்கு. சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட, இரண்டரை மணி வரை எல்லாவற்றையும் முன்வாசல் வழியாகத் தோளில் சுமந்தார்கள். ஆண்கள் கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுர மேட் என்றால் 130 துண்டு. விரிப்பது பெரிய வேலையில்லை, தரை காய்வதுதான் பாடு. மழைச்சேறு மிதித்த தரையில் ஈரம் போகாமல் விரித்தால் ரெய்டர் திரும்பும்போது மேட் நகரும், பல் இணைப்பு வாய் பிளக்கும், கணுக்கால் போகும். ஆகவே ரசீதிலேயே 'பிரித்து விரிக்கும் நேரம் வாடகையில் அடக்கம், ஷட்டர் சாவி ஆளோடு இருக்கும்' என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் மூன்று வேளைக்கான பணத்தோடு போங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது டீசல். 9 மணி நேரம், மணிக்கு 30 லிட்டர், ஆக 270 லிட்டர் என்று போட்டிருந்தார்கள். வைத்திருந்தது 125 கேவிஏ ஜெனரேட்டர். அது முழு லோடில் ஓடினால்கூட மணிக்குச் சுமார் 27 லிட்டர்தான் குடிக்கும். அன்றைய சவுண்டும் லைட்டும் சேர்ந்து 45 கிலோவாட்தான், அதற்கு 13 லிட்டர் சுமாருக்குப் போதும். ஜெனரேட்டர் பேனலில் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் இருக்கும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அதைப் படம் எடுங்கள், டேங்கில் குச்சி விட்டு அளவையும் பாருங்கள். ஆபரேட்டர் முறைப்பார், முறைக்கட்டும்.

அதே பேனலில் நியூட்ரல் ஒயரைப் பிடிக்கும் லக் தளர்ந்திருந்தது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால், லோடு குறைந்த பேஸில் 230 வோல்ட் 400 பக்கம் ஏறிவிடும். சவுண்டு மிக்சரின் பவர் சப்ளை போனது அப்படித்தான். 'உங்கள் பொருள், உங்கள் பொறுப்பு' என்றார்கள். முதல் ஒயரைச் செருகும் முன்பே மூன்று பேஸையும் நியூட்ரலோடு வைத்து மீட்டரில் அளக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எதையும் செருகாதீர்கள்.

மரத்தரைக் கீறலுக்கும் பிடித்தம் உண்டு. மேடையைத் தாங்கும் ஜாக் காலுக்கு அடியில் 18 மில்லி பிளைவுட், நாற்காலிக்கு அடியில் கார்பெட் போடச் சொல்வார்கள்; போட்டும் பழைய கீறல் உங்கள் தலையில் விழும். பொருள் இறங்கும் முன்பே தரை முழுக்க வீடியோ எடுத்து, மேலாளர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். பார்சல் டேப் ஒட்டாதீர்கள், பசை மரத்தோடு நின்றுவிடும்.

தகரக் கூரைக்கு அடியில் இன்சுலேஷன் இல்லாத இடத்தில் ஐப்பசி மழை பெய்தால் பாட்டு காதில் விழாது. இது ஏமாற்று இல்லை, ஆனால் முன்னாடியே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் நெல்வயல் என்றால் தத்துப்பூச்சி வேறு: வாசலைத் திறந்து வைத்து வெள்ளை விளக்கு போட்டால் விடிவதற்குள் மேட் மேல் கையளவு அள்ளலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்பதில் ஒரு சிக்கல். டிக்கெட் விற்ற நிகழ்ச்சி என்றால் அது வணிக நோக்கம், நீ நுகர்வோரே இல்லை என்று நுகர்வோர் ஆணையத்தில் எதிர்வாதம் வரும். டிக்கெட் வாங்கியவருக்கு அந்தத் தடை இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வாடகைக்கு எடுத்தவர் முதலில் வக்கீல் நோட்டீஸ் விட வேண்டும். மாநகராட்சி அல்லது அரசு அரங்கமாக இருந்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, வாடகை விகிதத் தீர்மானம், குத்தகை ஒப்பந்தம் இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இரவு வேளை என்று ஒரு கட்டணமே தீர்மானத்தில் இல்லையென்றால் நோட்டீஸில் அதை முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள்.