பழைய பிரிட்ஜும் மஞ்சளேறிய பக்கத்துப் பற்களும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

மேல்வரிசையில் முன்பல் ஒன்று போன இடத்தில், இரு பக்கத்துப் பற்களைத் தூணாக்கிக் கட்டிய மூன்று பல் பிரிட்ஜ் எனக்கு இருக்கிறது. உள்ளே உலோகம், மேலே பீங்கான். இந்த வகை பத்துப் பதினைந்து வருடம் தாங்கும் என்பார்கள். என்னுடையது அந்த வயதைத் தாண்டியும் உழைக்கிறது. சிங்கப்பூர் தேக்காவில் வாங்கும் முறுக்கை மட்டும் உடைத்துக் கடைவாய்க்குத் தள்ளிவிடுவேன்.

நிறத்தில்தான் சிக்கல். பீங்கான் அன்று இருந்த நிறத்திலேயே நிற்க, சொந்தப் பற்கள் வயதாலும் கோப்பிக்கடைத் தேநீராலும் மஞ்சளேறிவிட்டன. ஈறு கொஞ்சம் விலகியதில் பிரிட்ஜின் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு ஒன்று வேறு. அது அழுக்கு இல்லை, உள்ளிருக்கும் உலோகம். அழுத்தித் தேய்த்தால் ஈறு இன்னும் விலகுமே தவிர கோடு போகாது.

பிளீச் செய்யலாமா என்று பல் டாக்டரிடம் கேட்டேன். பீங்கான் வெளுக்காது, சொந்தப் பல்தான் வெளுக்கும் என்றார். அது நமக்குச் சாதகம்தானே என்று தோன்றும். ஆனால் எந்த அளவில் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. பிரிட்ஜைவிட வெளுப்பாகிவிட்டால் பீங்கானை மாற்றித்தான் ஆகவேண்டும். பிரிட்ஜை எப்படியும் மாற்றப்போகிறவர்கள் முதலில் பல்லை வெளுத்து, இரண்டு வாரமாவது விட்டு, அப்புறம் நிறம் பொருத்துவது நல்லது. நான் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது), பாலிஷோடு நிறுத்திக்கொண்டேன். கறையில் பெரும்பகுதி மேலோட்டமானது, அதிலேயே போய்விட்டது. ஈறு வீங்கியபோது கொடுத்த குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தும் பல்லில் பழுப்பேற்றும். அதைத் தேவைக்கு மேல் நீட்டக்கூடாது. கரி கலந்த பற்பசை பக்கம் போகாதீர்கள், பீங்கானின் பளபளப்பைக் கீறிவிடும்.

உண்மையான வேலை பிரிட்ஜுக்கு அடியில் இருக்கிறது. மூன்றும் ஒட்டியிருப்பதால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான சாதாரண ஃபிளாஸ் மேலிருந்து இறங்காது. கார்டியன், வாட்சன்ஸ் கடைகளில் கிடைக்கும் சூப்பர் ஃபிளாஸ்தான் கைகொடுக்கிறது. அதன் விறைப்பான முனையை ஊசிபோல் போலிப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நுழைத்து, பஞ்சுபோன்ற நடுப்பகுதியை முன்னும் பின்னும் இழுக்கவேண்டும். முதல் தடவை இழுத்த நூலை முகர்ந்து பாருங்கள், அப்புறம் யாரும் நினைவூட்டத் தேவையிருக்காது! தண்ணீர் பீய்ச்சும் கருவியும் வைத்திருக்கிறேன். சோற்றுப் பருக்கையை எடுக்கும், ஒட்டிய படலத்தை முழுதாக எடுக்காது. நூலுக்கு அது மாற்று இல்லை.

இந்த வயது பிரிட்ஜில் நான் கவனிப்பது ஒன்றுதான். விரலால் அழுத்தும்போது விளிம்பில் எச்சில் நுரைக்கிறதா, வாயில் கெட்ட சுவை வருகிறதா? ஒரு தூணில் சிமெண்ட் விட்டுப்போயும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே சொத்தை ஓடும். நரம்பை எடுத்து ரூட் கேனல் செய்த பல்லாக இருந்தால் வலிகூடத் தெரியாது. அதனால் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுவதில்லை. ஸ்கேலிங் செலவில் ஒரு பகுதியை அரசாங்க மருத்துவ உதவித் திட்டமான சாஸ் (CHAS) அட்டை தாங்குகிறது. போன முறை படத்தில் இரண்டு தூண்களும் சரியாகவே இருந்தன, இப்போதைக்கு மாற்றவில்லை.