ஸ்காபரோவில் மேட்டுப்பாத்தித் தோட்டம்: பல பருவங்கள் கண்ட பின் ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், களிமண் வளவுள்ள ஒரு வீட்டின் பின்புறத்தில் பலகையடைத்து மண் நிரப்பிய மூன்று மேட்டுப்பாத்திகள், கம்பிவலையை வளைத்துக் கட்டிய ஒரு பந்தல், நிலவறையில் நாற்று வளர்க்கும் ஒரு தட்டடுக்கு ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இளவேனில் நெருங்கும்போது புதிதாகத் தோட்டம் தொடங்க எண்ணும் நம்மவர்கள் முதலில் கேட்பது பாத்திக்கு எந்தப் பலகை நல்லது என்பதைத்தான். பலகைக்கு அவ்வளவு யோசனை தேவையில்லை என்பதும், பணத்தையும் கவனத்தையும் மண்ணிலும் நாற்றிலும் போடுபவருக்கே இங்கே கத்தரியும் புடலையும் மனம் நிறையக் காய்க்கும் என்பதும் என் முடிவு. வாங்கிய ஒவ்வொரு பொருளும் எப்படி உழைத்தது என்பதோடு சேர்த்து அந்த முடிவுக்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

பலகையை முதலில் சொல்லி முடித்துவிடலாம். என் பாத்திகள் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 1 அடி உயரமும் கொண்டவை. இரு பக்கமும் நின்றால் நடுப்பகுதி வரை கை எட்ட வேண்டும், மண்ணில் கால் படக் கூடாது என்பதால் 4 அடிக்கு மேல் அகலம் வைப்பது நல்லதல்ல. இரண்டு பாத்திகள் 2 அங்குலத் தடிப்புள்ள சீடர் (cedar) மரப் பலகையால் ஆனவை. அவை நரைத்துப் போயினவே தவிர இன்னும் உறுதியாக நிற்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூன்றாவதற்கு 1 அங்குலப் பலகை போட்டேன். மண்ணோடு ஒட்டிய விளிம்பு சில பருவங்களிலேயே உக்கத் தொடங்கியது. குளிர்காலத்தில் ஈரமண் உறைந்து விரிவதும் பின்னர் இளகுவதுமாக மூலைகளைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஆணிகள் கழன்றுவிடுகின்றன. மூலையில் கட்டை நிறுத்தித் திருகாணி போடுவதே நிலைக்கும். வீட்டுப் பின்புறத்துப் பழைய மர மேடைத்தளங்களைக் (deck) கழற்றிய பலகை இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் அதன் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டு முடியும் வரை வீட்டுப் பாவனைக்கு விற்கப்பட்ட பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து பரவலாகப் பயன்பட்டது. உண்ணும் பயிருக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

மண் வேறு கதை. நான் சொன்ன அளவுள்ள ஒரு பாத்தியை நிரப்ப 32 கன அடி, அதாவது ஏறக்குறைய 1.2 கன யார் மண் வேண்டும். பைகளாக வாங்கினால் செலவு பலகையின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே இரண்டு மூன்று அயலவர்கள் சேர்ந்து பாரவண்டியில் இறக்குவதுதான் கட்டுபடியாகும். இங்கே ‘ட்ரிபிள் மிக்ஸ்’ என்று விற்கப்படும் மேல்மண், பீட் எனும் சதுப்புநில மக்கு, சாதாரண மக்கு ஆகியவற்றின் கலவை முதல் ஆண்டில் நன்றாகவே விளைச்சல் தருகிறது. அடுத்த இளவேனிலில் பார்த்தால் மட்டம் ஓரிரு அங்குலம் இறங்கியிருக்கும். உள்ளிருந்த மக்கு உக்கிக் குறைந்ததன் அடையாளம் அது. ஆண்டுதோறும் ஏப்ரலில் 2 அங்குல உயரத்துக்கு நன்கு மக்கிய எருவைப் பரப்பிவிடுகிறேன், கொத்திக் கிளறுவதில்லை. ரொறன்ரோ மாநகரம் தனது சுற்றாடல் நாட்களில் குடியிருப்பாளர்களுக்கு இலைமக்கு இலவசமாகக் கொடுப்பதுண்டு; வாளியோடு போய் வரிசையில் நிற்பது வீண்போகாது. மண் வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கி, மணந்து பாருங்கள். ஒரு விற்பனையாளரிடம் இறக்கிய மண்ணில் மக்காத மரத்துகள் நிறையக் கலந்திருந்தது. மரத்துகளை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாங்களே எடுத்துக்கொள்வதால், அந்த ஆண்டு முழுவதும் கன்றுகள் வெளிறிக் கிடந்தன. மேப்பிள் மரத்துக்கு அருகே பாத்தி வைப்பவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும்: மரம் கீழிருந்து மயிர்போன்ற வேர்களை அனுப்பிச் சில ஆண்டுகளில் பாத்தி மண்ணை அடைத்துவிடும், மண்வெட்டியே இறங்காது.

இனி நாற்று. இந்தத் தோட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ரொறன்ரோவில் இளவேனிலின் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாத முற்பாதியில் விழுகிறது. இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி ஒக்டோபரில் வந்துவிடுகிறது. இடையில் இருப்பவை ஐந்து மாதங்கள். நாம் விரும்பும் பயிர்களோ வெப்பநாட்டில் பிறந்தவை. விதையை மே மாதத்தில் நேரே மண்ணில் இட்டால் கத்தரி பூக்கும் வேளையில் பகல் சுருங்கத் தொடங்கியிருக்கும். எனவே கத்தரியும் மிளகாயும் மார்ச் முதல் வாரத்தில் நிலவறையில் முளைக்கப் போடப்படுகின்றன. தக்காளி மார்ச் இறுதியில். பாவலும் புடலையும் பீர்க்கும் ஏப்ரல் பிற்பகுதியில். கொடிப்பயிர்களை அதற்கு முன்னர் போடுவதில் பயனில்லை, ஏனெனில் அவை வெகு விரைவில் சுருண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், பிரித்து நடும்போது வேர் அறுபடும், வேர் அறுபட்ட கொடி மீண்டும் எழுவதற்குள் நாம் முந்திப் பெற்ற நாட்கள் எல்லாம் கரைந்துவிடும்.

நாற்றுத் தட்டடுக்குக்கு விலைகூடிய ஊதாநிற விளக்குகள் தேவையில்லை. பட்டறைகளில் மாட்டும் 4 அடி நீளச் சாதாரண எல்.ஈ.டி. விளக்குகளே என்னிடம் இருக்கின்றன. இலை நுனிக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 15 மணி நேரம் எரியவிட்டால் நாற்று தடித்த தண்டோடு வளர்கிறது. யன்னலோரத்தில் வைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடி நீண்டு மெலிந்து சாய்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடியில் விரிக்கும் சூட்டுப்பாய் மிளகாய்க்கும் பாவலுக்கும் மிக முக்கியமானது, ஏனெனில் மார்ச் மாதத்து நிலவறைக் குளிரில் மிளகாய் விதை வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடாக இருந்தால் விரைவில் முளைத்துவிடும். முளைத்ததும் பாயை எடுத்துவிட வேண்டும். பாவல் விதைக்கு நான் செய்வது இது: கடினமான ஓட்டின் கூர்முனையை நகவெட்டியால் மெல்லக் கிள்ளி, இளஞ்சூட்டு நீரில் ஓரிரவு ஊறவைத்து, ஈரத் தாளில் சுற்றிச் சூட்டுப்பாயின் மேல் வைக்கிறேன். வெண்முளை எட்டிப் பார்த்ததும் முளை கீழ்நோக்கி இருக்கும்படி கடதாசிக் குவளையில் புதைத்துவிட்டால், பின்னர் குவளையைக் கிழித்து வேரைத் தொடாமலே நடலாம்.

நடும் நாளுக்கு இங்கே ஊரறிந்த கணக்கொன்று உண்டு. மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா நாள். அந்த நீண்ட வார இறுதி முடிந்த பின்னர் மென்பயிர்களை வெளியே நடலாம் என்பார்கள். உறைபனியிலிருந்து தப்ப அந்தக் கணக்கு நல்லதுதான், ஆனால் நம் பயிர்களுக்கு உறைபனி இல்லை என்பது மட்டும் போதாது. 4 அங்குல ஆழத்தில் மண் வெப்பமானியைச் செருகிக் காலையில் பார்க்கிறேன். 16 பாகை இருந்தால் தக்காளி நடுகிறேன். கத்தரிக்கும் வெண்டிக்கும் 18 பாகை தாண்டும்வரை பொறுக்கிறேன். பாவலுக்கும் புடலைக்கும் ஜூன் முதல் வாரம் ஆனாலும் அவசரப்படுவதில்லை. குளிர்ந்த மண்ணில் முந்தி நட்ட வெண்டி மஞ்சளித்து அப்படியே நிற்க, பத்து நாள் பிந்தி நட்டது அதைத் தாண்டி வளர்ந்துவிடுவதை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுவதற்கு முந்திய ஒரு வாரம் முழுவதும் நாற்றுகளை வெளிக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாக வெயிலும் காற்றும். இதைத் தவிர்த்தால் விளக்கொளியில் வளர்ந்த இலைகள் ஒரே பகலில் வெளுத்துக் கருகும். பாத்தி அதுவரை வெறுமையாகக் கிடக்க வேண்டியதில்லை: முள்ளங்கி, பட்டாணி, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் ஏப்ரல் குளிரை விரும்புபவை; ஜூனில் கத்தரி வேர்பிடிக்கும்போது அவை அடுக்களைக்குப் போய்விடும்.

விதைத் தேர்வில் பலருக்கும் விளங்காத ஓர் ஏமாற்றம் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த அவரையும் சிறகவரையும் இங்கே பந்தலை மூடிப் படர்கின்றன, ஆனால் பூப்பதில்லை. மண்ணையும் பசளையையும் குறைசொல்கிறோம். உண்மையில் அவை பகல் சுருங்கினால்தான் பூக்கும் இனங்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ரொறன்ரோவில் ஜூன் பிற்பகுதியில் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கு நீள்கிறது. செப்டெம்பர் இறுதியில் பகல் 12 மணி நேரத்துக்குக் குறுகும்போது கொடி பூத்துக் குலுங்குகிறது. பிஞ்சு திரளும் முன் உறைபனி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடுகிறது. மரபு வெண்டி இனங்கள் சிலவற்றுக்கும் இதே குணம் உண்டு. பகல் நீளத்தைப் பெரிதும் பொருட்படுத்தாத இனத்தைத் தேடுங்கள். வெண்டியில் 1939ஆம் ஆண்டிலிருந்து வட அமெரிக்காவில் புழங்கும் ‘கிளெம்சன் ஸ்பைன்லெஸ்’ எனக்குத் தவறாமல் காய்க்கிறது. பயிற்றையில் இனத்துக்கு இனம் வேறுபாடு இருப்பதால், ஜூலையிலேயே பூத்த கொடியிலிருந்து விதை எடுத்து வைப்பதை வழக்கமாக்கியிருக்கிறேன்.

பந்தலுக்கு 16 அடி நீளமுள்ள கால்நடை வேலிக்கம்பி வலையை இரண்டு பாத்திகளுக்கு நடுவே வளைத்து நிறுத்தியிருக்கிறேன். நான் வாங்கியவற்றுள் மிகவும் நிறைவு தந்தது இதுதான்; பனி, காற்று, காய்களின் பாரம் எதற்கும் அசையவில்லை. நூல்வலை ஒரு பருவத்திலேயே நைந்து, காய்ந்த கொடியைப் பிரித்தெடுக்க முடியாமல் குப்பைக்குப் போகும். புடலை அந்த வளைவின் கீழே தொங்குகிறது. அதன் வெண்பூ இருட்டும் வேளையில் விரிந்து, விட்டில்களின் வருகைக்குக் காத்திருக்கும். இங்கே அவை போதிய அளவில் வராததால் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்கின்றன. “பொழுது படட்டும் தம்பி, அப்பதான் பூ விரியும்” என்று அம்மா சொன்னபடி, ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவின் சூல்முடியில் தொட்டு விடுகிறோம். கிழங்குப் பாத்திக்குப் போகும் வழியில் பொறுக்கிய சிறு கல்லொன்றை நூலில் கட்டிப் பிஞ்சின் நுனியில் தொங்கவிடும் வழக்கத்தையும் அம்மா விடவில்லை. காய் நேராக இறங்குகிறது.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டங்களுக்கான இரசாயனப் பூச்சிகொல்லிகள் பலவும் 2009 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன, அது நல்லதே. ஜூனில் கத்தரி இலையை ஊசித் துளைகளாகச் சல்லடையாக்கும் எள்ளளவான கறுப்பு வண்டுக்கு, நட்ட அன்றே மெல்லிய வலையால் மூடுவதுதான் தீர்வு. பூ வந்ததும் வலையை எடுத்துவிடலாம். அணிலுக்கும் முயலுக்கும் கம்பிவலை வேண்டும். மிளகாய்த்தூள் தூவுவது அடுத்த மழையோடு போய்விடும்.

இந்த இளவேனிலில் தொடங்குபவர் கையில் குறைந்த பணமே இருந்தால், முதலில் சூட்டுப்பாயும் ஒரு விளக்கும் வாங்கட்டும். அடுத்து ஒரே ஒரு பாத்திக்கான நல்ல மண். பந்தல்வலை அடுத்த ஆண்டு. மார்ச் மாதம் கடந்துவிட்டிருந்தால் கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகளை மே மாதத்தில் நாற்று விற்கும் இடங்களில் வாங்கிக்கொண்டு, வெண்டியையும் பயிற்றையையும் ஜூன் தொடக்கத்தில் நேரே விதைக்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தெற்கு நோக்கிய பலகணி இருந்தால் 10 கலன் துணிப்பைகளில் கத்தரியும் மிளகாயும் நன்றாகவே வருகின்றன. துணி விரைவில் காய்வதால் ஜூலையில் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும்.