இணைப்பு கிடைக்காத நாளில் எந்தத் தரவுத்தளம் வாய் திறக்கிறது?

முதல் வலைச் செயலியை எழுதுகிறவர்கள் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். பத்துப் பேர் பயன்படுத்தப்போகும் செயலிக்கு எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றின் வேகமும் தாராளம். இணைப்பு கிடைக்காத முதல் நாளில் எது காரணத்தைச் சொல்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

எஸ்க்யூலைட்டில் இணைப்புச் சிக்கலே வராது என்பார்கள். பாதிதான் உண்மை. தனியே ஓடும் சர்வர், அது காத்திருக்கும் வாசல் எண்ணான போர்ட், கடவுச்சொல் எதுவும் இல்லை. ஒரே ஒரு கோப்பு. ஆனால் அந்தக் கோப்பின் பாதையைத் தவறாகக் கொடுத்தால், கொடுத்த கோப்புறை இருக்கும்வரை அது முனகக்கூட முனகாது. பைத்தான், பிஎச்பி போன்ற மொழிகளில், கொடுத்த இடத்தில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கிக்கொண்டு, இணைந்துவிட்டதாகவே காட்டிக்கொள்ளும். பிறகு 'அப்படியோர் அட்டவணை இல்லை' என்று செய்தி வரும். நேற்று உருவாக்கிய அட்டவணை எங்கே போயிற்று என்று நான் ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். சார்புப் பாதையை, அதாவது வெறும் கோப்புப் பெயர் போல முழுமையில்லாமல் கொடுக்கும் பாதையை, நிரல் இருக்கும் கோப்புறையிலிருந்து அல்லாமல், நிரலை எந்தக் கோப்புறையில் நின்று இயக்கினோமோ அங்கிருந்து கணக்கிடுகிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. கோப்பின் அளவு 0 பைட் என்றிருந்தால் முதலில் பாதையைச் சந்தேகியுங்கள். முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

மைஎஸ்க்யூஎல் தொடக்கத்தில் அதிகம் படுத்தும், ஆனால் எண் சொல்லிப் படுத்தும். பிழை எண் 2002 அல்லது 2003 வந்தால் சர்வரையே எட்டவில்லை: அது ஓடாமல் இருக்கலாம், போர்ட் வழக்கமான 3306 ஆக இல்லாமல் இருக்கலாம். 1045 வந்தால் வாசல்வரை போய்விட்டோம். பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஒத்துவரவில்லை. 1049 என்றால் உள்ளேயே போயாயிற்று, கேட்ட பெயரில் தரவுத்தளம்தான் இல்லை. 1045 வந்த பிறகும் சர்வரை நிறுத்தி நிறுத்தி இயக்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சர்வர் ஓடுவதால்தானே அந்தப் பதிலே வந்தது!

அதன் குறும்பெல்லாம், 'இதே கணினி' என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லில் இருக்கிறது. லினக்ஸில் அந்தச் சொல்லைக் கொடுத்தால் பிஎச்பி போன்றவை, ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் சாக்கெட் கோப்பைத் தேடிப் போகும், அதே கணினியின் எண் முகவரியான 127.0.0.1 என்று கொடுத்தால் டிசிபி என்னும் வலையமைப்பு வழியே போகும். ஒன்றில் கிடைக்காத இணைப்பு மற்றொன்றில் கிடைப்பது இதனால்தான். இன்னொன்று: 2018இல் வந்த 8.0 பதிப்பு கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இயல்பான முறையை மாற்றிவிட்டது. செயலியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நிரலான டிரைவர் பழையது என்றால், கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காது.

போஸ்ட்கிரெஸ் கண்டிப்பான வாத்தியார். அதன் போர்ட் 5432. உபுண்டுவில் நிறுவியபடியே விட்டால், சாக்கெட் வழியே வருகிறவரிடம் அது கடவுச்சொல்லையே கேட்பதில்லை. லினக்ஸ் பயனர்பெயரும் தரவுத்தளப் பயனர்பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது. வேறாக இருந்தால் 'பியர்' சரிபார்ப்பு தோற்றது என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை, முகவரியை 127.0.0.1 ஆக்கினால் அது கடவுச்சொல் கேட்கத் தொடங்கும். அதிலும் ஒரு சூது உண்டு. நீங்கள் கொடுத்த பயனரே இல்லாவிட்டாலும் 'கடவுச்சொல் தவறு' என்றுதான் சொல்லும். அப்படியொரு பயனர் இல்லை என்ற உண்மையைச் சர்வரின் பதிவுக் கோப்பில்தான் எழுதி வைத்திருக்கும்.

என்னைக் கேட்டால், செயலி ஒரே கணினியில்தான் இருக்கப்போகிறது என்றால் முழுப் பாதையோடு எஸ்க்யூலைட். சர்வரோடு இணைவதையே கற்க வேண்டுமென்றால் மைஎஸ்க்யூஎல், அந்த எண்களுக்காகவே. பதிவுக் கோப்பைத் திறந்து படிக்கச் சலிக்காதவர் போஸ்ட்கிரெஸுக்கே போகலாம்.

செயலியை டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரு கணினிக்குள் தனிக் கணினி போல ஓடும் பெட்டிக்குள்) வைத்திருந்தால் மட்டும் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டுக்கும் ஒரே பொறி: அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். டாக்கர் கம்போஸில் பக்கத்துக் கன்டெய்னரில் ஓடும் தரவுத்தளத்தை, அமைப்புக் கோப்பில் அதற்கு வைத்த சர்வீஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.