ஜிபிஎல், பிஎஸ்டி, தனியுரிமம்: ஒரு ரவுட்டரை வைத்துப் பார்ப்போம்

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். லினக்ஸின் உரிமம், அதாவது அதைப் பயன்படுத்துவதற்கான நிபந்தனை, ஜிபிஎல். பொருளை என்ன விலைக்கும் விற்கலாம். ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலும், அதாவது நிரலாளர்கள் எழுதிய, படித்து மாற்றக்கூடிய நிரலும் கிடைத்தாக வேண்டும். உள்ளே லினக்ஸ் இருப்பதை நிரலாளர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பிய பிறகு, 2003-ல் மூலநிரல் வெளியானது. அதிலிருந்து கிளம்பியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான திறந்த இயங்குதளம். இன்று எத்தனையோ நிறுவனங்களின் ரவுட்டர்களில் அது ஓடுகிறது.

2005-ல் அதே ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பு, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற தனியுரிம (வாங்கியவருக்கு மூலநிரல் கிடைக்காத) இயங்குதளத்துக்கு மாறியது. அதற்குக் குறைந்த நினைவகமே போதும் என்பதால் 16 எம்பி ரேம் 8 ஆனது, 4 எம்பி ஃபிளாஷ் 2 ஆனது. தயாரிப்பவருக்கு இது நியாயமான மிச்சம்தான். ஆனால் ரவுட்டரில் தங்கள் விருப்பப்படி மாற்றம் செய்து பழகியவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. அவர்களுக்காகவே லினக்ஸோடு டபிள்யூஆர்டி54ஜிஎல் தனியாக விற்பனைக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் விற்றது. திறந்த நிரலுக்குச் சந்தை இல்லை என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, மூலநிரலைக் கொடுக்கக் கட்டாயப்படுத்தாத பிஎஸ்டி, எம்ஐடி போன்ற தளர்ந்த உரிமங்கள்? மினிக்ஸ் 3 என்ற இயங்குதளம் பிஎஸ்டி உரிமத்தில் இருப்பது. இன்டெல் அதை எடுத்துத் தன் சிப்களில் தனியாக இயங்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற உட்பகுதிக்குள் வைத்தது. மினிக்ஸை உருவாக்கிய ஆண்ட்ரூ டனன்பாம், அது அங்கே ஓடுவதைச் செய்தி வழியாகத்தான் தெரிந்துகொண்டதாக 2017-ல் எழுதினார். உரிமப்படி இன்டெல் மீது தவறில்லை. ஆனால் கணினிக்குச் சொந்தக்காரர் அந்த நிரலைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

ஆகவே சின்ன நிரலகம், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தினால் போதும் என்றால் எம்ஐடி சரி. மக்கள் வருடக்கணக்கில் நம்பி இருக்கப்போகும் மென்பொருளுக்கு என் ஓட்டு ஜிபிஎல்லுக்கே.

அப்புறம், பதிப்புரிமை யாரிடம் என்பதையும் பாருங்கள். லினக்ஸில் அது ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக்கிடக்கிறது. யாரும் தனியாக உரிமத்தை மாற்ற முடியாது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும் ஜிபிஎல்தான். ஆனால் பதிப்புரிமை ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், அதே நிரலைத் தனியுரிமமாகவும் அவர்களால் விற்க முடிகிறது. ஒரு திட்டத்துக்கு நிரல் எழுதித் தரும்போது பங்களிப்பாளர் ஒப்பந்தம் நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு முன் பதிப்புரிமை யாருக்குப் போகிறது என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள்.