மாட்டுக்கு மணியா, ஜிபிஎஸ் பட்டையா?

மேயப் போன மாட்டைத் தேடிப் பிடிக்கக் கழுத்தில் மணி கட்டுவதா, செல்போனில் இடம் காட்டும் ஜிபிஎஸ் பட்டை கட்டுவதா? திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் மாடு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது.

செலவு: மணி சில நூறு ரூபாய், ஒரு தடவைதான். பட்டை சில ஆயிரம், அப்புறம் ரீசார்ஜ், சார்ஜ் வேறு.

தேடும்போது: மாடு அசைந்தால்தான் மணி கேட்கும். எங்கள் சிவலைப் பசு கன்று போட ஓடைக்குள் உடைமரத்தடியில் படுத்துவிட்டது, சத்தமே இல்லை, சாணியைத் தொட்டுப் பார்த்து ஈரம் இருந்த பக்கமாகவே போய்த்தான் கண்டுபிடித்தோம். பட்டை இருட்டிலும் இடம் காட்டும், ஆனால் டவர் வேண்டும். மலை மடிப்புக்குள் இறங்கினால் கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடத்தோடு நின்றுவிடும்.

வயக்காட்டில், ஆற்றோரத்தில் மேய்ந்தால் பட்டை சரி. மலையடிவாரம் என்றால் மணிதான், முன்னால் நடக்கும் மாட்டுக்குக் கட்டாயம் கட்டுங்கள். மாடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போய்விட்டால் மட்டும் தனியாக நுழையாதீர்கள், முதலில் வனத்துறையிடம் சொல்லுங்கள்.