கொட்டகைக்கு நெட் கொண்டுபோக வாங்கிய இரட்டைச் சுவர் நெளிகுழாய்

தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து வேலை பார்க்க வைஃபை எட்டவில்லை. மண்ணுக்கடியில் கேபிள் இழுப்பது என்று முடிவுசெய்து, 50 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் நெளிகுழாய் ஒரு சுருள் வாங்கினேன். வெளிச்சுவர் வரிவரியாக நெளிந்திருக்கும், உள்சுவர் வழவழவென்று இருக்கும். ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

காசு கொடுப்பதே அந்த உள்சுவருக்குத்தான். பார்க்க இதே போல ஒற்றைச் சுவர் நெளிகுழாயும் கிடைக்கும். அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், வரி வரியாகத் தட்டும். கேபிளின் உறை அந்த ஒவ்வொரு வரியிலும் உரசிக்கொண்டேதான் போகும். நுனியில் பிளக் இருந்தால் வளைவில் போய் மாட்டிக்கொள்ளும். கேட்6 என்கிற செம்புக் கம்பி நெட் கேபிளை ஏறக்குறைய 11 கிலோ விசைக்கு மேல் இழுக்கக்கூடாது. மீறினால் உள்ளே முறுக்கியிருக்கும் ஜோடிக் கம்பிகள் நெகிழ்ந்து வேகம் அடிவாங்கும். இந்தக் குழாயில் இரண்டு கேட்6, ஒரு ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) மூன்றையும் சேர்த்துக் கட்டி இழுத்தேன். ஒரு கையே போதுமாக இருந்தது.

சுருளைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. பள்ளத்தில் நேராகக் கிடத்திவிட்டு நிமிர்ந்தால், மறுமுனை பாம்பு மாதிரி எழுந்து நிற்கும். நல்ல வெயிலில் விரித்துப் போட்டால் கொஞ்சம் இளகும். அப்புறம் அங்கங்கே மண் மூட்டை வைத்து அமுக்கிக்கொண்டே மூட வேண்டும். இன்னொரு ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். கூர்கல் படாமல் இருக்கக் குழாய்க்கு அடியிலும் மேலேயும் மணல் போட்டேன். பள்ளம் பாதி மூடியதும் எச்சரிக்கை டேப் ஒன்றை நீளவாக்கில் விரித்தேன், பின்னால் யாராவது மண்வெட்டியோடு வந்தால் முதலில் அது கண்ணில் படட்டும் என்று.

உள்ளேயே ஒரு கயிறு கோத்து வருகிறது. மெலிசு, ஆனாலும் முதல் இழுப்புக்குத் தாங்கும். கேபிளோடு சேர்த்து ஒரு நல்ல நைலான் கயிற்றையும் இழுத்து உள்ளேயே விட்டுவையுங்கள். நாளைக்கு இன்னொரு கேபிள் போட வேண்டி வந்தால் மறுபடி பள்ளம் தோண்ட வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது இணைப்பான் விஷயத்தில்தான். குழாயோடு வருவது வெறும் பிளாஸ்டிக் கப்ளிங். மண் புகாது, தண்ணீர் புகும். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் தனியாக விற்கிறார்கள், அதுவும் விவரத்தாளின் கடைசியில் பொடி எழுத்தில். கூடவே விற்கிற 90 டிகிரி எல்போவையும் தொடாதீர்கள், இழுக்கும்போது கேபிள் அங்கேதான் இறுகும். குழாயையே பெரிய வளைவாக வளைத்துத் திருப்பினால் போதும்.

ரப்பர் வளையம் போட்டாலும் குழாய்க்குள் ஈரம் சேரத்தான் செய்யும், உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்து வேர்க்கும். அதனால் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்வு கொடுத்தேன், வெளிப்புறத்துக்கென்றே வரும் ஜெல் நிரப்பிய கேபிளையே போட்டேன். வீட்டுக்குள் ஓட்டும் சாதா பி.வி.சி. உறைக் கேபிளை இதில் விட்டால் நாளடைவில் ஈரம் இறங்கிவிடும். இரண்டு வாயையும் அடைக்கும் களிம்பால் மூடியதில் எலி, எறும்பு தொல்லை இல்லை.

கரண்டுக்குத் தனிக்குழாய், தள்ளித்தான் போட வேண்டும். இதிலேயே சேர்த்து விட நினைக்காதீர்கள். கொட்டகைக்குத் தனி எர்த் இருந்தால் செம்பை விட ஃபைபர் நிம்மதி. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்பதால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அந்த வழியாக வீட்டு ரௌட்டருக்கு ஆபத்து வராது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று ரப்பர் வளையத்துக்காகப் போனது. கேமரா, மோட்டார் கட்டுப்பாடு என்று பின்னால் கேபிள் கூடும் என்று தோன்றினால் 63 மில்லிமீட்டராகவே எடுங்கள். பள்ளம் தோண்டுகிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.